நாலு மங்கும் ஒரு வடைத்தட்டும்

ஒரு பொருள் சூடாகிப் படுத்துவிட்டால் நீங்கள் காரணத்தைத் தேடுவீர்களா, ஆளைத் தேடுவீர்களா? அவசரப்பட்டு நல்ல பதிலைச் சொல்லிவிடாதீர்கள். காரணம் கிடைக்க நேரமாகும், கையில் அழுக்குப் படும். ஆள் உடனே கிடைப்பார். பக்கத்து வீட்டுக்காரியின் கண் இருக்கிறது, சுவரில் கத்தும் பல்லி இருக்கிறது, காலையில் குறுக்கே போன பூனை இருக்கிறது.

மூணாங்கட்டைத் தோட்டத்து விமலா காரணத்தைத் தேடுகிறவள். சின்னப் பிள்ளையிலேயே அப்படித்தான். வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளை விட்டுவைக்கிற தோட்டத்து ஆயாக்கொட்டகையில் சுவர்க்கடிகாரம் நின்றுபோனபோது, அதற்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று ஆயா சூடம் கொளுத்தினாள். விமலா முக்காலி போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, உள்ளே குடியிருந்த கரப்பான்பூச்சிகளைத் தட்டிவிட்டாள். கடிகாரம் ஓடியது. விமலாவுக்கு அடி விழுந்தது. புகுந்திருந்தது கரப்பான்பூச்சிதான் என்று தெரிந்துபோன அவமானத்தை ஆயா வேறு எங்கே போய் இறக்கிவைப்பாள்?

பிறகு விமலா ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தொழிற்சாலை இன்னும் குறைந்த கூலி தேடி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. விமலா எங்கும் போகவில்லை. சிம்பாங் பூலாய் சந்திப்பில் காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிறாள். பிறந்த லயத்திலேயே, தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த வரிசை வீட்டிலேயே குடியிருக்கிறாள். அவளுடைய அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனையும் போய், நிலம் இரண்டு முறை கைமாறி, இப்போது ஒரு வீட்டுமனைக் கம்பெனியிடம் இருக்கிறது. மரங்கள் மாறின, முதலாளிகள் மாறினார்கள். தகரக்கூரை போட்ட லயம் மட்டும் மாறவில்லை. அதில் இன்னும் எட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன.

இருக்கின்றன என்று நாம் சொல்கிறோம். கம்பெனி இல்லை என்கிறது. வீடுகளெல்லாம் என்றோ காலியாகிவிட்டனவாம், இழப்பீடு கேட்டு யாரோ வெளியாட்கள் வழக்குப் போட்டிருக்கிறார்களாம். வாசலில் கோலம் இருக்கிறது, கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது, அடுப்பில் நெத்திலி பொரிகிறது. ஆனாலும் காகிதத்தில் அங்கே ஆளில்லை.

எட்டுக் குடும்பங்களும் வீட்டுக்காகப் போட்ட மனுவின் விசாரணையை இணையத்தில் வைத்தார்கள். குடியிருக்கிறோம் என்று சொல்கிறவர்கள் அந்த வீட்டிலிருந்தே திரையில் தோன்ற வேண்டும், எல்லாரும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று உத்தரவு. நேரம், நடுப்பகல். கம்பெனியின் வக்கீல் ஈப்போவில் குளிரூட்டிய அறையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்வார். இவர்கள் கொதிக்கிற தகரத்தின் அடியில் உட்கார வேண்டும். இருவருக்கும் ஒரே நேரம், ஒரே திரை. இதைத்தான் சமநீதி என்கிறார்கள்.

மடிக்கணினி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மகள் தினேஸ்வரி கல்லூரிக்காகப் பழையதாக வாங்கி, ஜொகூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. முதல் விசாரணையில் விமலா வாயைத் திறந்து, "துவான், நான் இங்கேதான் பிறந்தேன்" என்று மலாயில் தொடங்கினாள். திரை கறுத்தது. மடிக்கணினி தோசைக்கல்லாகச் சுட்டது. அது ஆறி, மறுபடி உயிர் பெற்றபோது விசாரணை முடிந்திருந்தது. 'மனுதாரர்கள் ஆஜராகவில்லை' என்று எழுதிவிட்டார்கள். எழுதிக் கெஞ்சியதில் இன்னொரு தேதி கிடைத்தது. அன்றும் திரை கறுத்தால் வழக்கு தள்ளுபடி, வீடு இடிப்பு.

சேதி பரவியதும் லயமே மருத்துவராகிவிட்டது.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு மாரியம்மா. கையில் ஒரு கொத்து வேப்பிலை.

"சூடு ஏறிப்போச்சு பிள்ளே. பிள்ளைங்களுக்கு அம்மை போட்டா என்னா செய்வோம்? வேப்பிலைதான லா போடுவோம்? இதுக்கும் போடு."

"அக்கா, இதுக்கு உடம்பு இல்ல."

"சுடுதுல்ல? அப்ப உடம்பு இருக்கு."

சொல்லிவிட்டு விசைப்பலகையின் மேல் இலைகளைப் பரப்பி, அதைத் தாலாட்டாத குறையாகத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்து வந்தவர் கோயில் தலைவர் இராமசாமி. "போன வாரம் ஆயுத பூசைக்கு ஒன் புருசன் ரூபனோட லோரிக்கு எலுமிச்சம்பழம் வச்சோம், மால போட்டோம். இதுக்கு ஒத்தப் பொட்டோட விட்டுட்டோம். அது மனசுல வச்சிருக்கு" என்றார்.

"பழம் வச்ச லோரிதான அண்ணே மறுநாளே தாப்பா ரோட்டுல டயர் வெடிச்சு நின்னுச்சு?"

"பழம் வைக்கலன்னா ரெண்டு டயர் வெடிச்சிருக்கும்."

இந்த வாதத்தை வெல்ல இதுவரை யாரும் பிறக்கவில்லை. விமலா காப்பி கொடுத்து அனுப்பினாள்.

மூன்றாவது மருத்துவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். விமலாவின் கணவன் ரூபன், கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றும் லோரியின் ஓட்டுநர், அந்தத் தோட்டத்தின் ஒரே பகுத்தறிவாளன். ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்புச் சட்டை. ஒரு கல்யாண வீட்டில் சாதகத்தைக் கிழிகிழியென்று கிழித்து அவன் பேசியதைக் கேட்டுத்தான் விமலா அவனைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பேச்சை இன்றும் அவனிடம் கேட்கலாம். கேட்காமலும் கேட்கலாம்.

"மக்கள் இப்பிடியே இருந்தா எப்பிடி லா உருப்படும்?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தான். "வெப்பங்கிறது ஒரு ஆற்றல். அதுக்குக் கோவமும் கெடையாது, அம்மையும் கெடையாது. மேல்நாட்டுல ஒருத்தன்..."

"அந்த மேல்நாட்டுக்காரன் வாரதுக்குள்ள, நீங்க கொஞ்சம் எந்திரிச்சு வந்து இதத் தூக்கிப் பிடிங்க."

ரூபன் எழுந்திருக்கவில்லை. மடிக்கணினியின் பக்கமே வரவில்லை. வழக்கமாக எந்தப் பொருளைப் பற்றியும் ஒரு கருத்தோடு கிட்டே வந்து நிற்கிறவன், இதற்கு மட்டும் தூர நின்று தத்துவம் பேசினான். விமலா அதைக் கவனித்தாள். சோம்பல் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

அவள் கணக்கு எளிமையானது. தகரம் சுடுகிறது, மேசை சுடுகிறது, மடிக்கணினி வயிற்றை மேசையோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. அதைத் தூக்கி நிறுத்தி அடியில் காற்றை விட வேண்டும். வேறு பொருளாக இருந்தால் இந்நேரம் பிரித்துப் போட்டிருப்பாள். ஆனால் எட்டு வீட்டின் தலையெழுத்தை, மன்னிக்கவும், எட்டு வீட்டின் வழக்கைச் சுமக்கிற பொருளின் வயிற்றைக் கிழிக்க அவளுக்கே பயம்.

ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கொட்டகையின் பின்னால் பால் மங்குகள் குவிந்து கிடந்தன. மரத்தில் வெட்டுக்குக் கீழே கட்டி, வடிகிற பாலைப் பிடிக்கிற பீங்கான் கிண்ணங்கள். நாலு மங்கு பொறுக்கி வந்து, கவிழ்த்து, மேலே மடிக்கணினியை வைத்தாள். பீங்கான் வழுக்கியது. மடிக்கணினி பனிச்சறுக்கு விட்டுக்கொண்டு மேசை ஓரத்துக்குப் போனது. வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்திருந்த மாரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். விமலா வயிற்றைக் குறுக்கே கொடுத்துத் தடுத்தாள்.

மோட்டார் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மங்குகளுக்கு மாட்டினாள். வழுக்கல் நின்றது. பக்கத்தில் மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். காற்று மடிக்கணினியைத் தவிர எல்லாவற்றையும் குளிரவைத்தது. மாரியம்மாவின் வேப்பிலைகள் பறந்து, மறுபடி வந்து உட்கார்ந்திருந்த இராமசாமியின் காப்பியில் விழுந்தன. அவர் அதை நல்ல சகுனம் என்று சொல்லிக் குடித்தும் விட்டார்.

மறுநாள் வியாபாரம் முடிந்ததும், சந்திப்பில் உணவுக்கடை வைத்திருக்கும் நாகூர் மீரானிடம் போனாள்.

"அண்ணே, வடை வைக்கிறீங்களே, அந்தக் கம்பித் தட்டு ஒன்னு வேணும்."

"வடை யாவாரமும் ஆரம்பிக்கப் போறியா தங்கச்சி? எனக்கே போட்டியா?"

"லெப்டாப்ப வைக்க அண்ணே."

நாகூர் மீரான் தே தாரே தேநீரை நுரைக்க ஆற்றுவதை அந்தரத்தில் நிறுத்தினார். "எண்ண வடியிற தட்டுலயா?"

"எண்ண ஏன் வடியிது? அடியில சந்து இருக்கு, காத்து போவுது. வடைக்கு ஒரு ஞாயம், லெப்டாப்புக்கு ஒரு ஞாயமா?"

"கேஸுக்குத்தான லா? எடுத்துக்க. நல்லாத் தேச்சுக் கழுவு. அப்புறம் லெப்டாப்பு மொறுமொறுன்னு வந்திச்சின்னா என்னக் கேக்காத."

தட்டை எத்தனை முறை கழுவியும் வடை வாசம் போகவில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய இரண்டு குட்டி விசிறிகளைத் தட்டின் அடியில், காற்று மேல்நோக்கி வீசும்படி, டியூப் பட்டைகளால் கட்டினாள். விசிறியின் வயரை மடிக்கணினியிலேயே செருகினாள். நாலு மங்கு கால்கள், மேலே வடைத்தட்டு, அடியில் இரண்டு விசிறி. பார்ப்பதற்கு வாஸ்து பார்த்துக் கட்டிய கோழிக்கூடு மாதிரி இருந்தது. ஆனால் காற்று ஜிவ்வென்று அடித்தது.

நெடுநேரம் ஓடுகிற ஏதாவது ஒன்றைப் போட்டுச் சோதிக்க வேண்டும். மடிக்கணினிக்குள் இருந்தவற்றில் மிக நீளமானது, அந்தக் கல்யாண வீட்டில் ரூபன் பேசியதன் ஒளிப்பதிவு. நடுப்பகலில் கதவைச் சாத்தி அதை ஓடவிட்டாள். திரையில் ரூபன் முழங்கினான்: "தோழர்களே! நமது முதல் எதிரி மூட..."

திரை கறுத்தது.

விமலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. அம்மா பால்வாளி தூக்கிய வீடு, தினேஸ்வரி தவழ்ந்த தரை, மாரியம்மாவின் முருங்கை, எல்லாம் ஒரு கறுப்புத் திரைக்குள் போய்விடும். யார் தள்ளினார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆஜராகவில்லை, அவ்வளவுதான்.

அழலாமா என்று யோசித்தாள். அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. எழுந்து மடிக்கணினியின் அடியில் கை வைத்துப் பார்த்தாள். காற்று உள்ளே போகிறது. சரி, உள்ளே போகிற காற்று எங்கே வெளியே வருகிறது? ஒரு நூல் துண்டைப் பிடித்து, மடிக்கணினியைச் சுற்றிலும் கொண்டுபோனாள். பின்பக்கம், திரை மடிகிற இடத்துக்குக் கீழே வரிசையாக ஓட்டைகள். திரையைத் திறந்து வைத்தால் அந்த இடம் கண்ணில் படாது. நூல் அங்கே அசையவில்லை. திரையை மூடி, கைவிளக்கு அடித்துப் பார்த்தாள்.

ஓட்டையே இல்லை. மஞ்சளாகக் காய்ந்து, மட்டமாக, கொத்தனார் பூசியதைப்போல ஒரு பூச்சு. கொண்டையூசியால் குத்தினாள். பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தாள்.

சந்தனம்.

அடுத்த நிமிடம் அவள் குரல் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. காரணம் கிடைத்துவிட்டது. இனி ஆளைத் தேடுவதில் தப்பில்லை.

"இராமசாமி அண்ணே! பொட்டு வைக்கச் சொன்னா மூக்க அடைச்சு வச்சிருக்கீங்களே!"

இராமசாமி சட்டையைத் தேடிக்கொண்டே ஓடிவந்தார். "ஆத்தா மேல சத்தியமா நான் மூடி மேல ஒத்தப் பொட்டுத்தான் வச்சேன். நான் என்னா சுவருக்கா பூசுவேன்?"

"அக்கா, நீங்களா?"

"ஏய், நான் வேப்பிலை லா!" என்றாள் மாரியம்மா. "சந்தனம் என்னோட இலாகாவே இல்ல. ஆனா நல்லா யோசிச்சுப் பாரு, யாரு பூசியிருந்தாலும் நல்ல எண்ணத்துலதான் பூசியிருக்கு. சந்தனம் குளிர்ச்சிதான?"

"குளிர்ச்சிதான்" என்று பின்னால் ஒரு குரல் ஒத்து ஊதியது.

ஊதிய பிறகுதான் அந்தக் குரலுக்கு உறைத்தது. மூவரும் திரும்பினார்கள். வாசலில் ரூபன் நின்றான். ஞாயிற்றுக்கிழமை. கறுப்புச் சட்டை.

"நீங்களா?" என்றாள் விமலா. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மொத விசாரணைக்கு முந்தின நாளு தொட்டுப் பார்த்தேன். அந்த எடத்துல ரொம்பச் சுட்டுச்சு. எனக்கு மனசு கேக்கல. பூசையில மிஞ்சின சந்தனம் இருந்துச்சு..." அவன் தொண்டையைச் செருமினான். "நான் பக்தியில பூசல, விமலா. அறிவியல் ரீதியாத்தான் பூசினேன்."

இராமசாமிக்கு அன்று கிடைத்த ஆனந்தம், முப்பது வருட பூசையிலும் கிடைக்காதது. "தோழரே," என்று அருகில் போய் அவன் தோளில் கை போட்டார், "கோயில் கமிட்டியில ஒரு எடம் காலியா இருக்கு."

மாரியம்மா சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். விமலா சிரிக்கவில்லை. முதல் விசாரணையில் திரை கறுத்ததற்குக் கம்பெனி காரணமில்லை, தகரம் காரணமில்லை, தன் வீட்டுப் பகுத்தறிவுதான் காரணம் என்பது அவள் மனதில் இறங்க நேரம் பிடித்தது. வெப்பம் ஓர் ஆற்றல் என்று தெரிந்த மனிதன். பயம் வந்ததும் அவன் கை, புத்தகத்தின் பக்கம் போகவில்லை, சந்தனக் கிண்ணத்தின் பக்கம் போனது. படிப்பது ஒன்று, பயந்தபோது நினைவுக்கு வருவது வேறொன்று.

கொண்டையூசியை அவன் கையில் கொடுத்தாள். "வெளிய ஒக்காந்து எடுங்க. ஒவ்வொரு ஓட்டையா. சட்டைய மாத்தக் கூடாது."

அன்று மாலை முழுக்க ரூபன் கறுப்புச் சட்டையோடு வாசலில் குனிந்து சந்தனம் சுரண்டினான். தண்ணீர்க் குழாய்க்கு வந்தவர்கள், சாமானுக்குப் போனவர்கள், ஒரு வேலையும் இல்லாதவர்கள் என்று லயமே அந்த வழியாக நடந்தது. "என்னா மச்சான், அபிஷேகமா?" என்று கேட்காதவன் இல்லை. பிறகு விமலா பயத்தைத் தள்ளிவைத்துவிட்டு அடிமூடியைக் கழற்றினாள். உள்விசிறியில் ஒட்டியிருந்த துகள்களைப் பழைய பல்தூரிகையால் தேய்த்து எடுத்தாள். வடைத்தட்டின் மேல் வைத்து ஓடவிட்டாள். ரூபனின் பேச்சு முதலிலிருந்து கடைசிவரைக்கும் ஓடி முடிந்தது. லயம் முழுவதும் உட்கார்ந்து கேட்டது. மூடநம்பிக்கை வருகிற இடங்களிலெல்லாம் பலத்த கைதட்டல்.

விசாரணை நாளில் தகரம் வழக்கத்தைவிட மோசமாகக் காய்ந்தது. எட்டுக் குடும்பமும் விமலாவின் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. மடிக்கணினியைத் தவிர எல்லாருக்கும் வியர்த்தது.

வக்கீல் தொடங்கினார். வீடுகள் காலி. திரையில் தெரிகிறவர்கள் ஏதோ ஒரு கூடத்தில் கூட்டி வைக்கப்பட்டவர்கள். அது எந்த இடம் என்பதற்கே ஆதாரமில்லை. இப்படி நிதானமாக, அழகான மலாயில், பதினைந்து நிமிடம் பொய் சொன்னார். விசாரணை அதிகாரி இடையில் கேட்டார்: "அங்கே என்ன இரைச்சல், புவான்?"

"விசிறி, துவான். போன தடவை இது செத்துப்போனதால் எங்களையும் செத்தவர்களாக எழுதிவிட்டீர்கள். அதனால் மூச்சுக்கு வழி பண்ணியிருக்கிறோம்."

விமலா எழுந்தாள். "ஆதாரம்தானே? காட்டுகிறேன்." மங்குக் கால்களோடு தட்டை இரு கைகளாலும் தூக்கினாள்.

மடிக்கணினியின் மின்கலம் என்றோ செத்தது. மின்சாரம் போனால் திரை போய்விடும். "வயரு! வயரு!" என்று மாரியம்மா அலறினாள். மூன்று வீட்டு நீட்டிப்பு வயர்களை ஏற்கெனவே ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தாள் விமலா. ரூபன் அந்த வயரை, பூமியில் படாமல், மணப்பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடிப்பதைப்போலப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். சந்தனம் பூசிய கைக்கு அவனே தேடிக்கொண்ட பரிகாரம் அது.

"பதமா வாங்க, செருகு கழண்டுச்சு, ஒங்கள நான் கழட்டிருவேன்."

"வாரேன், வாரேன், நீ முன்ன பார்த்துப் போ."

ஒவ்வொரு வாசலாகத் திரை நின்றது. மாரியம்மாவின் அடுப்பில் கொதிக்கிற சாம்பார். கொடியில் சீருடைகள். படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவர், கையைத் தூக்கி அதிகாரிக்கு வணக்கம் சொன்னார். இராமசாமி முந்திக்கொண்டு தன் கக்கூஸ் வரைக்கும் திறந்து காட்டினார். எழுபது வருடமாகக் குடியிருக்கிற லயத்தில், ஆள் இருக்கிறார்கள் என்று காட்ட ஒரு பெண் இப்படித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. எட்டாவது வீட்டு வாசலில் விமலா நின்றாள்.

"இதில் எந்த வீடு காலி என்று வக்கீல் ஐயா சொல்லட்டும்."

வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டினார். வழக்கு தள்ளுபடியாகாது, நானே நேரில் வந்து பார்க்கிறேன் என்றார் அதிகாரி. லயமே கத்தியது. திரை கறுக்கவில்லை.

வெற்றி என்று எழுதி முடித்துவிட ஆசைதான். ஆனால் வக்கீல் கடைசியாக ஒரு வேண்டுகோள் வைத்தார், அதிகாரியும் சரி என்றார். பார்வையிடுவது வேலை நாளில், காலை பத்து மணிக்கு. விவரமான ஆள். அந்த நேரத்தில் விமலா சந்திப்பில் சோறு கட்டிக்கொண்டிருப்பாள். ரூபன் மலையில். மற்றவர்கள் ஈப்போவிலும் பீடோரிலும் யாருடைய கடையையோ கூட்டிக்கொண்டு, யாருடைய பிள்ளையையோ பார்த்துக்கொண்டு, யாருடைய இயந்திரத்தின் முன்னாலோ நிற்பார்கள். எட்டுக் கதவும் பூட்டியிருக்கும், படுத்துக் கிடக்கிற கிழவரால் எழுந்து வந்து திறக்க முடியாது. காகிதத்தில் எழுதியிருந்ததைப் போலவே.

அந்த யாரோ நீங்களாக இருக்கலாம். உங்கள் கடையில், தொழிற்சாலையில், வீட்டில் வேலை செய்கிற ஒருவர் வந்து, "ஒரு நாள் லீவு வேணும், வீட்டப் பார்க்க வாராங்க" என்று தயங்கி நின்றால், காரணம் கேட்டு நிற்கவைக்காதீர்கள். அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார அவரை அனுப்பிவையுங்கள்.